மூன்றில் வையுங்கள்

இப்படி வந்து உட்காருங்கள் தங்கச்சி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். போன வாரம் ஒரு பெரியவர் அதில் சாய்ந்து பின்பக்கமாக விழப் பார்த்தார். இந்த பெஞ்சுதான் நல்லது. கொஞ்சம் என் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், கழுத்தைத் திருப்பினால் எனக்குப் பிடித்துக்கொள்ளும். நான் எப்போதும் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். உள்ளே அவர்கள் கையைப் பிடித்து முறுக்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்க எனக்கு மனசு வராது.

வீட்டுக்காரருக்கா? எந்தக் கை? வலதா? ஐயோ. எங்கள் வீட்டுக்காரருக்கு இடது. பயப்படாதீர்கள், சரியாகிவிடும். அவசரப்படாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். நான் சொல்வதைக் கேட்டால் போதும்.

அது என்ன கையில், பெரிய போன் மாதிரி, டேபா? கைக்குப் பயிற்சி கொடுக்கிற ரெஜினா மேடம் அதற்குள் விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டார்களா? முதல் நாளேவா? காட்டுங்கள். மேலே ஓரத்தில் பல்சக்கரம் மாதிரி ஒன்று இருக்கும், அதை அமுக்குங்கள். வேகம் எத்தனை என்று போட்டிருக்கிறது? ஏழு! எனக்குத் தெரியும். இங்கே வருகிற எல்லாருக்கும் ஏழு, இல்லாவிட்டால் ஆறு. இருங்கள், அதில் கை வைக்காதீர்கள். முழுசாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு மூன்றில் வையுங்கள்.

படிக்காதவள் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். என்னை ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், உண்மைதான். ஆனால் ஏழு பெரிதா மூன்று பெரிதா என்பதெல்லாம் ஆறாம் வகுப்புக்குள்ளேயே வந்துவிடும்.

எங்கள் வீட்டுக்காரர் பெயர் சோலைராஜ். படியிறங்கி வலது பக்கம் நாலு கடை தள்ளிப் பார்த்தீர்கள் என்றால் ராஜ் பரோட்டா ஸ்டால் என்று பச்சை போர்டு இருக்கும், அது எங்களுடையதுதான். வரும்போது பார்த்தீர்களா? இப்போது கூடச் சத்தம் கேட்கிறதே, தட்டு... தட்டு... என்று. அது நாங்கள் இப்போதைக்கு வைத்திருக்கிற மாஸ்டர். நல்ல மனுஷன். நிதானமாகக் கொத்துவார். எனக்கு அவர் வேலை பிடித்திருக்கிறது. கூட்டம் குறைந்துவிட்டது என்கிறார்கள். வெயிலுக்கு யார் பரோட்டா சாப்பிடுவார்கள்?

எங்கள் வீட்டுக்காரர் கல்லில் நின்றால் வேறு மாதிரி. இரண்டு கையிலும் இரண்டு தகடு. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, சால்னாவை ஒரு கரண்டி விட்டு ஆரம்பித்தார் என்றால் தெருவில் போகிறவன் நின்றுவிடுவான். பாதிப் பேர் சாப்பிடவா வந்தார்கள்? கேட்கத்தான் வந்தார்கள். வலது கை ரெண்டு, இடது கை ஒன்று, பிறகு கல்லின் ஓரத்தில் சுண்டி ஒரு தட்டு. அந்த ஓரத் தட்டு இந்த மதுரையில் வேறு யாருக்கும் வராது. நூறு கடையில் ஒரே நேரத்தில் கொத்தினாலும் அவர் கை எது என்று நான் சொல்லிவிடுவேன்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது என்பது வேறு விஷயம். அவ்வளவு வேகம் எதற்கு? தினமும் சொல்வேன். “ஏங்க, மெதுவாக் கொத்துனா யாரு வேண்டாங்குறா?” என்பேன். அதற்கு ஒரு சிரிப்பு சிரிப்பார். பதில் சொல்லத் தெரியாதபோது ஆம்பிளைகள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

தை மாசம்தான் அந்தப் பக்கவாதம் வந்தது. குளிக்கப் போனவர் கையிலிருந்து குவளை விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். இடது கை தொங்குகிறது, வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. “என்னங்க, என்னங்க” என்கிறேன், அவர் குவளையையே பார்க்கிறார், அது ஏன் எழுந்து வரவில்லை என்கிற மாதிரி.

ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை எல்லாம் ஆனது. வாய் சரியாகிவிட்டது. கைதான் எழும்பவில்லை. அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனிமேல் இந்த வீட்டில் எதற்கும் வேகம் கிடையாது என்று. ஃபேனை இரண்டுக்கு மேல் வைக்க விடமாட்டேன். சோற்றைக் குழைய வடித்து, ஒவ்வொரு வாயாக நானே ஊட்டுவேன். இங்கே ஆட்டோவில் கூட்டிவரும்போது, “தம்பி, உருட்டிக்கிட்டே போப்பா” என்பேன். ஒரு நாள் அந்த டிரைவர், “அக்கா, இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி பின்னாடி போகும்” என்று கிண்டல் பண்ணினான். சிரிக்கட்டும். ஒரு நாளாவது விழுந்தோமா?

இந்த ரெஜினா மேடம் இருக்கிறார்களே, தங்கமான பெண். நான் குறை சொல்லமாட்டேன். சின்ன வயசு, அதனால் கொஞ்சம் பரபரப்பு, அவ்வளவுதான். ஒரு நாள் எங்கள் வீட்டு டேபை வாங்கி இந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார்கள்.

“பாட்டு ஓடும்ணே. மேலருந்து மணி மணியா விழும். மணி கீழ கோட்டைத் தொடுற நேரத்துல கட்டத்தைத் தட்டணும். இடது பக்கம் ரெண்டு கட்டம் இடது கைக்கு, வலது பக்கம் ரெண்டும் வலது கைக்கு.”

“கடையில செஞ்ச வேலைதானம்மா. சால்னாதான் இல்ல” என்றார் இவர். குவளை விழுந்த நாளிலிருந்து அவர் பேசிய முதல் கிண்டல் அது. எனக்கே சந்தோஷம்தான்.

வீட்டில் வந்து விளையாட ஆரம்பித்தார். முதலில் வரவில்லை. பிறகு இடது கை விரல் இரண்டு கேட்க ஆரம்பித்தது. பிறகு மூன்று. ஒரு வாரத்தில் பாதி மணிக்கு மேல் பிடித்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் தங்கச்சி. ஆலங்கட்டி மழை மாதிரி மேலிருந்து சடசடவென்று வருகிறது. நல்லா இருக்கிறவர்களுக்கே தலை சுற்றும். மூளையில் அடைப்பு வந்த மனுஷனுக்கு இதைக் கொடுக்கலாமா? அவர் நெற்றி எல்லாம் வேர்வை. கண்ணை விரித்து வைத்துக்கொண்டு தட்டுகிறார், தட்டுகிறார், பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுகிறார். எதை நினைத்துத் தட்டுகிறார் என்று எனக்குத் தெரியாதா? கல்லை நினைத்துத்தான்.

அவர் பக்கத்து வீடு வரை நடக்கப் போயிருந்தபோது டேபை எடுத்தேன். அந்தப் பல்சக்கரத்தைக் கண்டுபிடிக்கவே பாடுபட்டேன். ஏழு என்று இருந்தது. மூன்று ஆக்கினேன்.

வந்து விளையாடினார். பாட்டு அதே பாட்டுதான், அதே ஓட்டம்தான். மணிகள் மட்டும் கோயில் யானை மாதிரி அசைந்து அசைந்து இறங்குகின்றன. பார்க்கவே மனசு குளிர்ந்தது.

“என்ன பஞ்சு, இன்னைக்கு வேற மாதிரி வருது?” என்றார். என் பெயர் பஞ்சவர்ணம், அவர் மட்டும் பஞ்சு என்பார்.

“மேடம் அடுத்த பாடம் மாத்திருப்பாங்க போல” என்றேன். அது பொய் இல்லை. ‘போல’ என்றுதானே சொன்னேன்?

ஆனால் பாருங்கள், அன்றைக்கு அவருக்கு வரவில்லை. கண்ணைக் கசக்குகிறார், டேபைத் தள்ளி வைத்துப் பார்க்கிறார், கிட்டே வைத்துப் பார்க்கிறார். “பஞ்சு, எனக்குக் கண்ணும் போச்சா? எது முதல்ல வருது, எது அடுத்ததுன்னு பிரியவே மாட்டேங்குதே. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா நிக்குது” என்றார்.

“நிதானமாப் பாருங்க. எங்க ஓடியா போகுது?” என்றேன்.

தினமும் அப்படித்தான். மணி இறங்கும் முன்பே தட்டிவிடுவார். இல்லாவிட்டால் இடது பக்கம் வருகிற மணிக்கு வலது கை போகும். அவருக்குப் பொறுமை போதாது, வேறு ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் வேகமாகக் கொத்திப் பழகிய கை, திடீரென்று நிதானத்துக்கு வருமா?

வாரத்துக்கு ஒரு தடவை ரெஜினா மேடம் டேபில் மார்க் பார்ப்பார்கள். அந்த வாரம் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “அண்ணே, நல்லா ஏறிக்கிட்டு வந்துச்சே, ஏன் இப்படி இறங்கிருச்சு? பார்வை மங்குதா? தலை வலிக்குதா?” என்று கேட்டார்கள். உடனே பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்து, மறுபடியும் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு அடைப்பு வந்திருக்குமோ என்று சந்தேகமாம். அந்தக் குழாய்க்குள் அவரைத் தள்ளும்போது நான் வெளியே நின்று மீனாட்சியம்மனுக்கு வேண்டாத வேண்டுதல் இல்லை.

ஒன்றும் இல்லை என்று வந்தது. பார்த்தீர்களா? மூன்றில் வைத்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை.

என்ன தங்கச்சி சிரிக்கிறீர்கள்? நான் ஸ்கேனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் என்ன பார்க்கிறீர்கள்? யாராவது போவார்கள், வருவார்கள். இது ஆஸ்பத்திரி மாதிரிதானே, போகட்டும். என் முகத்தைப் பாருங்கள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதும் அவருக்கு நிம்மதி வரவேண்டுமா இல்லையா? இவருக்கு அங்கேதான் மனசு விட்டுப்போனது. அடைப்பும் இல்லை, கண்ணும் நல்லா இருக்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால், இனி எப்போதும் வராது என்று தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டார். டேபைத் தொடுவதை நிறுத்தினார். கடைப் பக்கம் போகவே மாட்டேன் என்றார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது சொன்னார்: “கடையைக் கைமாத்தி விட்டுருவோம் பஞ்சு. கல்லையும் சேத்துக் குடுத்துரலாம். நான் நிக்காத கல்லு நமக்கு எதுக்கு?”

உங்களிடம் சொல்வதற்கு என்ன, எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

கல்யாணம் ஆன நாளிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்குக் கடைக்குப் போகிற மனுஷன். வரும்போது நான் தூங்கியிருப்பேன். அந்தச் சாயங்காலங்களில்தான் முதல் முறையாக அவரோடு உட்கார்ந்தேன். மொச்சை உரிப்போம். அவர் ஒரு கையால் உரிப்பார், நான் சேர்த்துக்கொள்வேன். டிவியில் நாடகம் பார்ப்போம். “இவ யாரு? அவளுக்கு மாமியாரா?” என்று கேட்பார், நான் கதை சொல்வேன். ஆறு மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து அவர் காது மேல் விழும். விழுந்தால் காது ஓரம் செவசெவ என்று சின்னப் பிள்ளை காது மாதிரி தெரியும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன், அது எனக்குத் தெரியவே தெரியாது.

அதற்காக நான் மூன்றில் வைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு.

கடையை எடுத்துக்கொள்ள மேலூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை பேசி முடிக்கலாம் என்று இருந்தது. அதற்கு முன்னால் இவர் இங்கே வந்து, “எனக்கு இது வேண்டாம்மா. இனிமே இங்க வரவும் மாட்டேன். வேற யாருக்காச்சும் உதவும்” என்று டேபையே அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அந்தப் பெண்ணாவது வாங்கி உள்ளே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. “ஒரு தடவை நான் விளையாடிப் பாக்குறேன்ணே” என்று உட்கார்ந்தார்கள். பாட்டு பாதி ஓடுவதற்குள் அவர்களுக்கே தப்பாகப் போனது.

“என்னது இது, கொத்தா நிக்குது?” என்று பல்சக்கரத்தை அமுக்கினார்கள். “மூணா? யாரு மூணுல வச்சது?”

நான் ஒளிக்கவில்லை தங்கச்சி. “நான்தான் வச்சேன். மெதுவா வந்தா அவருக்குச் சுலபமா இருக்கும்ல” என்றேன்.

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். “அக்கா, பாட்டு மெதுவாகாதுக்கா. அதே நேரத்துல அத்தனை மணியையும் அடிச்சே ஆகணும். நீங்க குறைச்சது மணி இறங்குற வேகத்தை மட்டும்தான். அது மெதுவா இறங்குனா என்ன ஆகும்? முதல் மணி கீழ போறதுக்குள்ள மேல பத்து மணி வந்து சேந்துரும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். கண்ணு எதைப் பிரிச்சுப் பாக்கும்? வேகமா இறங்குனாத்தான் மணிக்கு மணி இடம் விழும். பாக்க பயமாத்தான் இருக்கும், ஆனா அதுதான் சுலபம்.”

“அப்ப பத்துல வைக்க வேண்டியதுதான? எதுக்கு ஏழுல நிப்பாட்டுனீங்க?” என்று கேட்டேன். விடுவேனா?

“பத்துல வச்சா கண்ணு பாத்து கை போறதுக்குள்ள விழுந்துரும்க்கா. ஆளாளுக்கு ஒரு அளவு இருக்கு. அண்ணனுக்கு ஏழு.”

பார்த்தீர்களா? அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது, பத்து ஆபத்து என்று. பத்து ஆபத்து என்றால் ஏழு கொஞ்சம் ஆபத்து. மூன்றில் ஆபத்தே கிடையாது. இதற்குப் பெரிய படிப்பா படிக்க வேண்டும்?

இவர் டேபை வாங்கி, அங்கேயே நின்றபடி, ஏழில் வைத்து விளையாடினார். ஒன்று இரண்டு தவிர எல்லா மணியும் பிடித்தார். இடது கையும் சேர்த்து. பாட்டு முடிந்தும் கட்டத்தையே தட்டிக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவர் அழுததால் நானும் அழுதேன், எதற்கென்று தெரியாமலே.

ஆட்டோவில் வரும்போது கேட்டார், “பஞ்சு, கல்லு காஞ்சு கெடக்கு, முட்டைய ஊத்தியாச்சு. அப்ப மெதுவாக் கொத்துனா என்ன ஆகும்?”

“அடிப்பிடிக்கும்” என்றேன்.

“சரியாச் சொல்லிட்ட” என்றார். நான் எப்போதும் சரியாகத்தான் சொல்வேன். அவர்தான் கேட்பதில்லை. அந்த டிரைவரிடம், “தம்பி, கொஞ்சம் அமுக்கிப் போப்பா” என்று வேறு சொன்னார். வீடு வரும் வரை நான் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

மேலூர்க்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டேப் அவர் தலையணைக்கு அடியில். பூட்டு வேறு போட்டுவிட்டார், அவர் கட்டைவிரலை வைத்தால்தான் திறக்கும். கட்டின பெண்டாட்டியிடம் கட்டைவிரலை ஒளிக்கிற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அதுதான் தங்கச்சி எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. மொச்சை உரிப்பதும் நின்றுபோனது. சாயங்காலம் முழுக்கத் தட்டல்தான்.

நானும் சும்மா விடவில்லை. எதையும் தெரிந்துகொண்டுதான் பேசவேண்டும். இங்கே வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம் கெஞ்சி, என் போனில் அதே விளையாட்டை ஏற்றிக்கொண்டேன். மத்தியானம் அவர் தூங்கும்போது விளையாடிப் பார்த்தேன். மூன்றில் வைத்துத்தான் ஆரம்பித்தேன். ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குக் கூட்டம் நிற்குமே, அப்படி நிற்கிறது. எது முன்னால் எது பின்னால் என்று ஒன்றும் தெரியவில்லை. ஐந்தில் வைத்தேன், கொஞ்சம் பரவாயில்லை. இப்போது எட்டில் வைத்திருக்கிறேன். எட்டில் வைத்தால் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொன்றாக வருகிறது, டக் டக் என்று தட்டிவிடலாம். நேற்று ஒரு பாட்டை முழுசாக முடித்துவிட்டேன். திரையில் பூ எல்லாம் கொட்டியது.

அதற்காக அவருக்கு எட்டு வைக்க முடியுமா? நான் நல்லா இருக்கிறவள். எனக்கு எட்டு சரி. முடியாதவர்களுக்கு மூன்றுதான்.

இன்றைக்கு அவருக்குப் பெரிய பரீட்சை. கையை எல்லாம் சோதித்துப் பார்த்து, கல்லில் நிற்கலாமா கூடாதா என்று ரெஜினா மேடம் இன்றைக்குச் சொல்லவேண்டும். அதற்குத்தான் உள்ளே இருக்கிறார். வெகுநேரம் ஆகிறது. ஆகட்டும், நிதானமாகப் பார்த்துவிட்டு, இன்னும் ஆறு மாசம் ஓய்வு என்று சொல்லட்டும். இந்த பிளாஸ்கில் சுக்குக் காப்பி வைத்திருக்கிறேன். வெளியே வந்ததும் ஆற்றிக் கொடுப்பேன். ‘வேண்டாம்’ என்றால் வருத்தப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம், ‘சூடா குடு’ என்றால்...

இருங்கள்.

கீழே கேளுங்கள். அந்த மாஸ்டர் ஏன் நிறுத்திவிட்டார்? இவ்வளவு நேரம் கொத்திக்கொண்டிருந்தாரே. கேஸ் தீர்ந்துபோச்சோ?

இல்லை, ஆரம்பித்துவிட்டார். என்ன இது, இவ்வளவு வேகமாக? ரெண்டு, ஒன்று. ரெண்டு, ஒன்று. இடது கை கொஞ்சம் பிந்துகிறது. கேட்கிறதா உங்களுக்கு? பிந்தி, ஓடி வந்து சேர்ந்துகொள்கிறது. ரெண்டு, ஒன்று...

ஓரத்தில் தட்டினார்.

ஓரத்தில் சுண்டித் தட்டினார் தங்கச்சி.

நீங்கள் எட்டிப் பாருங்கள், எனக்குக் கழுத்து திரும்பாது. அந்தச் செருப்பு அலமாரியில் நீலப் பட்டைச் செருப்பு இருக்கிறதா? அவர் வரும்போது அங்கேதான் விட்டார். இல்லையா? அப்படியானால் அப்போது எனக்குப் பின்னால் போனது... அதற்குத்தான் சிரித்தீர்களா? வாயில் விரலை வைத்துச் சொல்லாதே என்று காட்டினாரா? நீங்களும் சொல்லவில்லையே. பொம்பளைக்குப் பொம்பளை இப்படிச் செய்யலாமா?

கேளுங்கள், கேளுங்கள், கூட்டம் விசில் அடிக்கிறது. அந்தப் பிந்தினதும் சரியாகிவிட்டது. எனக்குத் தெரியும், அவர் கை அது. நூறு கடையில்... ஒன்றுமில்லை, கண்ணில் தூசி. இங்கே ஃபேனை இவ்வளவு வேகமாக வைத்தால் தூசி பறக்காமல் என்ன செய்யும்?

நான் போகிறேன். போய் மெதுவாகக் கொத்தச் சொல்லவேண்டும். சுக்குக் காப்பியும் ஆறிப்போகும். படி வேறு செங்குத்தாக இருக்கிறது, ஒவ்வொன்றாகத்தான் இறங்கவேண்டும், நான் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கொத்து முடிந்து அடுத்ததும் போட்டுவிடுவார்.

சரி, அந்த டேபை இப்படிக் கொடுங்கள். போகிறதுக்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரருக்கும் மூன்றில் வைத்துவிட்டுப் போகிறேன். ஒரு நிமிஷம்தான்.

கொடுங்கள். ஏன் தங்கச்சி, அதை எதற்கு முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறீர்கள்?